காருக்குள் பெட்ரோல் வாடை: இ20 தானா, வேறு ஏதாவதா?

மே 9, 2025

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டது, அவர் எழுதியபடியே (இ20 என்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்):

“அண்ணே, 2014 மாடல் சின்ன கார், பெட்ரோல். கொஞ்ச நாளா உள்ள உட்கார்ந்தாலே பெட்ரோல் வாடை. பிள்ளைகளுக்குத் தலைவலி வந்துருது. இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் இப்படி. ரப்பர் எல்லாத்தையும் அது தின்னுருச்சுன்னு சொல்றாங்க. ஓஸ் மொத்தத்தையும் மாத்திரலாமா? பட்டறையில பன்னெண்டாயிரம் கேக்குறாங்க.”

இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதீர்கள் தம்பி. ஓஸ் எல்லாம் மாற்றியும் வாடை நிற்கவில்லை என்றால் அடுத்து டேங்கை மாற்றச் சொல்வார்கள். வாடை எப்போது வருகிறது என்று தெரிந்தாலே எங்கிருந்து வருகிறது என்பது பாதி தெரிந்துவிடும். அதனால் இதற்குப் பதில் எழுதுங்கள். டேங்க் நிறைய இருக்கும்போது மட்டுமா, எப்போதுமா? நிற்கும்போதா, ஓடும்போதா? ஏசியில் வெளிக்காற்று வைத்தால் கூடி, உள்காற்றுக்கு மாற்றினால் குறைகிறதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வந்து அப்புறம் அடங்கிவிடுகிறதா? வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்ததும் அடிக்கிறதா? பின் கண்ணாடியை இறக்கினால்தான் வருகிறதா?

மே 9, இரவு

பிள்ளைகளுக்குத் தலைவலி என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, கார் தரையிலும் சீட்டுக்கு அடியிலும் தேங்கும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். தீப்பிடிக்க அது 1.4 விழுக்காடு அளவுக்குச் சேர வேண்டும். இரண்டுக்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது, லேசாக வாடை வந்ததுமே வெடிக்கும் என்று பதற வேண்டாம். ஆனால் வண்டிக்கு அடியில் ஈரமோ சொட்டோ கண்ணில் பட்டால் கதை வேறு. ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி வெட்டவெளியில் நிறுத்துங்கள். வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் விடவே கூடாது.

பெட்ரோலில் பென்சீன் உண்டு, அது புற்றுநோய் தரும் பொருள். வாடை நிற்கும்வரை பிள்ளைகள் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போகட்டும்.

இன்னொன்று, தினமும் ஓட்டுகிறவர் மூக்கு பழகி மரத்துப்போயிருக்கும். “இன்னைக்குக் குறைஞ்சிருக்கு” என்று அவர் சொல்வதை நம்ப முடியாது. அந்தக் காரில் ஏறாத ஒருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அத்தாச்சிதான் அதற்கு ஆள். கருவாட்டை முகர்ந்தே அது எத்தனை வெயில் காய்ந்தது என்று சொல்கிறவர்.

மே 10

இ20 பற்றிப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி.

எத்தனால் சில வகை ரப்பரை ஊதவைக்கும், சிலவற்றை விறைக்கவைக்கும், அது உண்மை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் இ20 தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் வருகிறது. 2014 வண்டிக்கு அந்த உறுதி இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஓஸ் நம்மூர் வெயிலில் தானாகவே வெடிப்பு விட்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இ20 வராமல் இருந்தாலும் அது மாற்ற வேண்டிய ஓஸ்தான்.

“இ20 அதிகமாக ஆவியாகும், அதனால்தான் வாடை” என்பதை மட்டும் ஏற்க முடியாது. எத்தனால் கலந்தால் ஆவி அழுத்தம் கூடும், சரி. ஆனால் ஏறக்குறைய பத்து விழுக்காட்டுக் கலவையிலேயே அது உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. இருபதுக்குப் போனால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பத்து விழுக்காட்டுக் கலவை 2022 முதலே நாம் போட்டுக்கொண்டிருப்பது. அப்போது வராத வாடை இப்போது வந்தால், எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

மே 12

தம்பியின் பதில்: “டேங்க் நிறைச்சா ரொம்ப இருக்கு. பாதிக்குக் கீழ வந்துட்டா இல்லை. ஏர்வாடி ரோட்டுல வளைவுல திரும்புனா குப்புனு அடிக்கும். ஏசி எப்படி வெச்சாலும் ஒண்ணுதான்.”

இது நல்ல பதில். ஏசி மாற்றியும் மாறவில்லை என்றால் எஞ்சின் பக்கத்தை ஓரம் கட்டலாம். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துவாரம் வழியாகத்தான் ஏசி வெளிக்காற்றை இழுக்கும். பானட்டுக்குள் ஒழுகினால் வெளிக்காற்றில் வாடை கூடும், உள்காற்றில் குறையும். இங்கே அது இல்லை. நிறைந்தால் வருகிறது, திரும்பும்போது பெட்ரோல் அலசினால் வருகிறது. அப்படியானால் டேங்கின் மேல் பாகம். அங்கே இருப்பவை கொஞ்சம்தான்: மூடி, பெட்ரோல் ஊற்றும் குழாய், அதை டேங்கோடு சேர்க்கும் ரப்பர் ஓஸ், ஆவி போகும் சின்ன டியூப், பம்ப் உட்காரும் வாய்.

என் சந்தேகம் ஊற்றும் குழாய் மேல். காரணம் சொந்த அனுபவம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு எந்த விருந்தாளி வந்தாலும் என் காரில்தான் தனுஷ்கோடி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சாலை மேலேயே மணல் ஓடும். அந்த உப்பு மணல் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் போய் அடைந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காயவே காயாது. மறைப்பைக் கழற்றியபோது மண் ஒரு சட்டி அளவுக்குக் கொட்டியது. குழாயில் ஊசி நுழையும் ஓட்டை. டேங்க் நிறைந்தால் மட்டும் அந்த உயரத்துக்குப் பெட்ரோல் ஏறும், அப்போது மட்டும் வாடை. முக்கால் டேங்க் போட்டு ஓட்டியபோதெல்லாம் ஒன்றும் இல்லை, அதனால் வெகு நாள் பிடிபடவில்லை.

பாம்பன் பழைய ரயில் பாலத்தை 1914 முதல் துருவோடு மல்லுக்கட்டித்தான் வைத்திருந்தார்கள். போன மாதம் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும். நம் காரின் குழாய்க்கு வாய்த்தது கம்பெனியில் அடித்த கறுப்பு பெயிண்ட் மட்டும்தான்.

மே 12, மாலை

“குழாயைக் கழற்றாமலே ஒரு வெல்டிங் வைத்தால் போச்சு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

வேண்டாம். பெட்ரோல் காலியாக இருந்தாலும் வேண்டாம். காலி டேங்க்தான் இன்னும் மோசம், உள்ளே முழுக்க ஆவி. எபாக்சி பசை பூசுவதும் தற்காலிகம்தான், துருவின் மேல் எந்தப் பசையும் நிற்காது. அந்தக் குழாய் தனியாகவே கிடைக்கும். மாற்றும்போது ரப்பர் ஓஸும் இரண்டு கிளிப்பும் சேர்த்துப் புதிது போடுங்கள்.

மே 14

குழாயைச் சோதிப்பது எப்படி என்று தம்பி கேட்டார். முகத்துக்குப் போடும் பவுடர் போதும்.

பின் சக்கரத்தைக் கழற்றி, மறைப்பை எடுத்து, மண்ணைத் தட்டித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். குழாய் முழுக்க, ரப்பர் ஓஸ் சேரும் இரண்டு முனை, ஆவி டியூப் எல்லாவற்றிலும் மெல்லியதாகப் பவுடரைத் தூவுங்கள். சக்கரத்தை மாட்டி, பங்க்கில் தானாக நிற்கும்வரை பெட்ரோல் போட்டு, வளைவுள்ள சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஒழுகும் இடத்தில் பவுடர் நனைந்து தடம் விட்டிருக்கும். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் வெறும் கண்ணுக்கு ஈரம் தெரியாது, பவுடர் காட்டிக்கொடுக்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், கட்டை வையுங்கள். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டே பெட்ரோல் டியூபை ஊதிப் பார்த்த மெக்கானிக்கை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நல்ல தொழில்காரர். இன்னும் இருக்கிறார், எப்படி என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

மே 15

குழாய் சுத்தம், பவுடர் காய்ந்தே இருக்கிறது என்கிறார் தம்பி. படமும் அனுப்பினார். துரு மேலாகத்தான் இருக்கிறது, ஓட்டை இல்லை. என் கார் கதை அவர் காருக்குப் பொருந்தவில்லை, சரி, அடுத்தது.

மூடி. உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது அந்த மாடலுக்கான மூடியே வேண்டும். மூடிக்குள் டேங்க் காலியாகக் காலியாக வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வ் ஒன்று உண்டு. ஏதோ ஒரு மூடியைத் திருகி வைத்தால் அது வேலை செய்யாது.

அதோடு ஒரு கேள்வி: “நிறைச்சா” என்றால் எவ்வளவு? பங்க்கில் பெட்ரோல் போடும் துப்பாக்கி டக்கென்று நின்ற பிறகும் “ரவுண்டா போடுங்க” என்று சொல்கிற ஆளா நீங்கள்?

மே 15, இரவு

ஆமாம் என்கிறார். இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு.

டேங்கின் மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். பெட்ரோல் சூடானால் விரியும். 35 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை லிட்டர் கூடும். பங்க்கின் பூமிக்கடி டேங்கிலிருந்து குளிர்ச்சியாக வந்த பெட்ரோலைக் கழுத்துவரை நிறைத்து, சேதுக்கரையில் வெயிலில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனால் அந்த அரை லிட்டர் எங்கே போகும்? ஆவி டியூப் வழியாகக் கரி டப்பாவுக்கு, கேனிஸ்டர் என்பார்கள். அதில் இருப்பது ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வ் திறந்து அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். ஆவிக்காகச் செய்த டப்பாவில் பெட்ரோலே போய் ஊறினால் கரி செத்துவிடும். அப்புறம் வெயிலில் நிற்கும்போதெல்லாம் வாடை. பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் ஓர் அடையாளம், ஆனால் அது பர்ஜ் வால்வ் மூடாமல் திறந்தே நின்றுவிட்டாலும் வரும்.

தம்பி காரில் ஸ்டார்ட்டிங் சிக்கல் இல்லை. வெயிலில் நிறுத்தினாலும் அவ்வளவு இல்லையாம், திரும்பும்போதுதான். அதனால் கேனிஸ்டர் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பழக்கத்தை மட்டும் விடுங்கள், துப்பாக்கி நின்றால் நின்றதுதான்.

மே 18

தம்பி: “அண்ணே, மார்ச்சுல பெட்ரோல் பம்ப் போயிருச்சு, ஒரு பட்டறையில மாத்துனோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?”

இருக்கும் தம்பி.

மே 18, இரவு

கோபமில்லை. முதல் நாளே “கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்” என்று கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பார். இனிமேல் யார் இந்த வாடைப் பிரச்சினையோடு வந்தாலும் மற்ற கேள்விகளுக்கு முன்னால் இதைக் கேளுங்கள். டேங்கையோ பம்பையோ ஃபில்டரையோ யாராவது தொட்டிருந்தால் அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. இ20 நாட்டுக்கே வந்தது, பம்ப் வேலை அவர் காருக்கு மட்டும் நடந்தது.

பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். பல சின்னக் கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் தரையில் ஒரு தகட்டு மூடி, அதற்குக் கீழே பம்பின் தலை. சில மாடல்களில் அந்த மூடி கிடையாது, டேங்கையே இறக்க வேண்டும். பம்ப் தலைக்கும் டேங்கின் வாய்க்கும் நடுவே கசியாமல் அடைக்கும் பெரிய ரப்பர் ஓ-ரிங் ஒன்று. மேலே ஒரு வளையம் திருகி இறுக்கும். அந்த ஓ-ரிங் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும். ஒரு தடவை கழற்றினால் திரும்ப அதன் பள்ளத்தில் உட்காராது. புதிது போட வேண்டும். பழையதையே அமுக்கி வைத்தால் டேங்க் நிறைந்திருக்கும்போதும் அலசும்போதும் கசியும். மேலே உள்ள தகட்டு மூடியின் பசையும் போயிருந்தால் ஆவி நேராகப் பின் சீட்டுக்கு அடியில்.

அவர் சொன்ன அடையாளம் எல்லாம் இதோடு ஒத்துப்போகிறது.

மே 20

கீழக்கரையிலேயே படகு எஞ்சின் பார்க்கும் காக்கா ஒருவர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) உதவிக்கு வருகிறாராம். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். எஞ்சின் பிரிப்பதும் அப்போதுதான், ஆகவே அவருக்கு வேலை தலைக்கு மேல். இருந்தாலும் ஞாயிறு காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும். வெட்டவெளி, நான்கு கதவும் திறந்து, சீட்டைத் தூக்கி நன்றாகக் காற்றாட விடுங்கள். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் கொஞ்சம் ஓடித் தானே நின்றுவிடும். அதோடு லைனில் இருக்கும் அழுத்தம் இறங்கும். அது சாதாரணமாக மூன்று பார் அளவு, கார் டயரில் இருப்பதைவிட அதிகம். இறக்காமல் பைப்பைப் பிடுங்கினால் முகத்தில் பீய்ச்சும். அப்புறம் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள்.

தகட்டைத் திறந்ததும் பம்ப் தலையைச் சுற்றி மணல் இருக்கும். வேக்யூம் கிளீனர் வைக்காதீர்கள், அதன் மோட்டாரின் பொறி போதும். ஈரத்துணியும் பிரஷும் வைத்து எடுங்கள். இறுக்கு வளையத்தை இரும்பு உளி வைத்துச் சுத்தியலால் தட்டுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது, இரும்பும் இரும்பும் உரசினால் பொறி வரும். பித்தளைக் கம்பியோ மரக்கட்டையோ வைத்துத் தட்டுங்கள். காக்காவிடம் பித்தளை இருக்கும், படகு வேலைக்காரர் ஆயிற்றே.

புது ஓ-ரிங்கைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் வைத்து, பம்ப் தலையில் உள்ள அடையாளத்தை டேங்கின் அடையாளத்தோடு ஒட்டி வைத்து இறுக்குங்கள். பசை எதுவும் வேண்டாம்.

மே 21

நடுவில் ஒரு மண்டபத்துக்காரர் தன் காரிலும் இதே வாடை என்று எழுதினார். இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகுதான், வள்ளத்து எஞ்சினுக்கு வாங்கும் பெட்ரோலை டிக்கியில் கேனில் கொண்டு போவதைச் சொன்னார். “கேன் மூடிதான் இருக்கும்” என்றார். மூடிதான் இருக்கும், வெயிலில் கேனும் உப்பிக் கசியும். டிக்கி மேட்டின் பஞ்சு எத்தனை லிட்டரைக் குடித்ததோ. மேட்டை வெளியே எடுத்து வெயிலில் பல நாள் போடுங்கள், டிக்கித் தரையில் சமையல் சோடாவைத் தூவி மறுநாள் பெருக்கி எடுங்கள். செண்ட் பாட்டில் வைக்காதீர்கள். பெட்ரோலும் மல்லிகையும் கலந்த வாடை தனி வேதனை, அதில் உண்மையான ஒழுகல் வந்தாலும் தெரியாது.

அதே காரில்தான் நெத்திலிக் கருவாடும் போகிறதாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மே 25

காக்கா திறந்துவிட்டார். படம் பார்த்தேன். பழைய ஓ-ரிங்கே இருந்தது, ஒரு பக்கம் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கி, வளையம் கடித்து வெட்டுப்பட்டிருந்தது. அதை மறைக்கச் சுற்றிலும் சிவப்பு சிலிக்கான் பசை. சாதாரண சிலிக்கான் பெட்ரோலைத் தாங்காது. நுங்கு மாதிரி கொழகொழவென்று ஆகி விரலில் வந்துவிட்டது. அது டேங்குக்குள்ளும் கொஞ்சம் விழுந்திருக்கலாம், பம்பின் வடிகட்டி வலையை ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

புது ஓ-ரிங் சில நூறு ரூபாய். தகட்டு மூடிக்கும் புது பியூட்டைல் பட்டை ஒட்டினார்கள்.

ஓஸ்கள்? காக்கா எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்தார். ஊற்றும் குழாய்ப் பக்கம் இருக்கும் ஒன்றில் மட்டும் மேல்தோல் வெடிப்பு, அதை மாற்றிவிட்டார்கள். பழைய வண்டிக்கு எத்தனால் தாங்கும் ஓஸ் போட்டுக்கொள்வது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. அழுத்தமுள்ள லைனுக்கு இன்ஜெக்ஷனுக்கென்று எழுதிய ஓஸையே கேளுங்கள், 30ஆர்9 என்று மேலேயே அச்சடித்திருக்கும். பைக்குக்குப் போடும் தெளிவான பிளாஸ்டிக் டியூபைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மே 30

முழு டேங்க் போட்டு மதுரை போய் வந்தாராம், வாடை இல்லை. சீட்டுப் பஞ்சில் பழைய வாடை லேசாக இருக்கும், வெயிலில் கதவைத் திறந்து போட்டால் போய்விடும். வண்டியை முகர்ந்து பார்க்கத் தங்கையைக் கூப்பிட்டாராம், “அத்தர் வாடைதான் அடிக்குது” என்றாராம்.

ஜூன் 4

தனுஷ்கோடி போய் வந்தால் வண்டியின் அடியைக் கழுவ வேண்டுமா என்று பலர் கேட்டீர்கள். கழுவ வேண்டும், ஆனால் எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கடல் உப்பைக் கழுவி போர் உப்பைப் பூசிவிட்டு “நான் கழுவினேனே” என்பார்கள். நல்ல தண்ணீர் இரண்டு வாளி போதும், பின் சக்கரங்களுக்கு மேலே அடித்து ஊற்றுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் காருக்கு ஊற்ற மனசு வராது என்றால், மழைக்காலத்தில் வண்டியை வெளியே நிறுத்துங்கள். மறைப்புக்குப் பின்னால் உள்ள மண்ணை வருடத்துக்கு ஒரு தடவை கழற்றி எடுப்பது கழுவுவதைவிடப் பலன் தரும்.

ஜூன் 16

தொண்டியிலிருந்து ஒருவர்: காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வாடை, எஞ்சின் சூடானதும் போய்விடுகிறது, வெளிக்காற்றில் அதிகம்.

இது பின்பக்கம் இல்லை, பானட்டுக்குள். எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓ-ரிங் விறைத்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது சுருங்கிக் கசியும், சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். காலையில் வேறொருவரைச் சாவியை ஆன் செய்யச் சொல்லி, ஸ்டார்ட் செய்யாமல், டார்ச் அடித்து இன்ஜெக்டர் அடிகளைப் பாருங்கள். எலி கடித்த ஓஸையும் அப்போதே பார்த்துவிடலாம், கருவேலங்காட்டுப் பக்கம் நிறுத்துகிற வண்டி என்றால் அதற்கும் வாய்ப்பு உண்டு.

ஓ-ரிங்தான் என்றால் எல்லா இன்ஜெக்டருக்கும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று விறைத்திருந்தால் மற்றதும் அதே வயசுதான். சொருகும்போது ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவினால் வெட்டுப்படாமல் இறங்கும். மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து அழுத்தம் ஏறவிட்டு, ஈரம் இல்லை என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.